வழியும் முறையும்

நெறி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கால் செல்லும் பாதையும் நெறி. மனம் செல்லும் ஒழுக்கமும் நெறி. ஆறு என்னும் சொல்லும் அவ்வாறே மாந்தர் செல்லும் வழியையும், அவர் வாழும் முறைமையையும் குறித்து வழங்கிற்று. ஊர்களை இணைக்கும் சாலைக்கும் மக்களை இணைக்கும் நீதிக்கும் ஏதோ ஓர் உறவு உண்டென்று நம் முன்னோர் கண்டனர் போலும். அவ்வுறவு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. சாலை எங்கே போதல் வேண்டும், வண்டி எங்கே நிற்றல் வேண்டும் என்னும் வினாக்கள் குடியுரிமை பற்றிய வழக்குகளாகவே மாறிய நாடு ஒன்று உண்டு. அது ஐக்கிய அமெரிக்க நாடு. அந்நாட்டில் செயின்ட் பால் என்னும் நகரத்தில் நிகழ்ந்தவற்றை இப்பாடத்தில் காண்போம். ஆயினும், வழியைப் பற்றிய வழக்கு எழுமுன்னர் அங்கே இருக்கையைப் பற்றிய வழக்கு எழுந்தது. அதனை முதற்கண் அறிதல் நன்று.

அமெரிக்க நாட்டில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிந்தது. ஒழிந்தும், தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை ஒதுக்கி வைக்கும் வழக்கம் ஒழிந்திலது. 1892இல் லூயிசியானா மாநிலத்தில் ஹோமர் பிளெஸ்ஸி என்பார் வெள்ளையர்க்கென விடப்பட்ட ரயில் பெட்டியில் அமர்ந்தார், அதனால் சிறைப்படுத்தப்பட்டார். அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இரு சாரார்க்கும் பெட்டிகள் தனித்தனியே இருப்பினும், அவை சமமாக இருக்குமாயின் குற்றமில்லை என்று 1896இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பளித்த எண்மருள் ஹார்லன் என்னும் நீதிபதி ஒருவரே மாறுபட்டு எழுதினார். அவ்வொருவர் கருத்து அரசியற் சட்டத்தின் கருத்தாக ஏற்கப்பெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அலபாமா மாநிலத்தின் தலைநகர் மாண்ட்கமரி. அந்நகரப் பேருந்துகளில் முன்வரிசை இருக்கைகள் வெள்ளையர்க்கு உரியன. பின்வரிசை இருக்கைகள் கறுப்பின மக்கட்கு. வெள்ளையர் மிகுதியாக ஏறினால், இடையில் அமர்ந்திருக்கும் கறுப்பினத்தார் எழுந்து இடம் விடுதல் வேண்டும். முன்வாயிலில் கட்டணத்தைச் செலுத்திய பின், இறங்கிச் சென்று பின்வாயில் வழியாக ஏறுமாறு ஓட்டுநர் பணிப்பதும் உண்டு. அவர் பின்வாயிலை அடையுமுன் வண்டியை ஓட்டிச் சென்றுவிடுவதும் உண்டு. இத்தனைக்கும் அப்பேருந்துகளில் நாள்தோறும் சென்றோருள் பெரும்பாலோர் கறுப்பின மக்களே. அவர்தம் காசினால்தான் அந்த வண்டிகள் ஓடின!

1955 மார்ச்சுத் திங்களில், கிளாடெட் கால்வின் என்னும் பதினைந்து வயதுப் பள்ளி மாணவியார் எழுந்து இடம் விட மறுத்தார். காவலர் அவரைக் கைது செய்தனர். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் ரோசா பார்க்ஸ் என்னும் தையற்பணி செய்யும் அம்மையார் அவ்வாறே மறுத்தார். டிசம்பர் 5ஆம் நாள் தொடங்கிக் கறுப்பின மக்கள் எவரும் பேருந்தில் ஏறுவதில்லை என்று உறுதி பூண்டனர். அவர்க்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் அப்போது இருபத்தாறு வயது இளைஞர். 381 நாள் அம்மக்கள் நடந்தனர். கார் உடையோர் இல்லாதோரை ஏற்றிச் சென்றனர். இதற்கிடையே, கால்வின் உள்ளிட்ட பெண்மணிகள் நால்வர் நீதிமன்றத்தில் வழக்காடினர். பேருந்தில் இனம்பற்றி இடம் பிரித்தல் அரசியற் சட்டத்திற்கு மாறானது என்னும் தீர்ப்பை, 1956 நவம்பர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ரோசா பார்க்ஸின் பெயரை உலகம் அறியும்; வழக்கில் வென்ற அந்நால்வர் பெயரைப் பலரும் அறியார். இம்மாணவியின் பெயரையேனும் நீவிர் நினைவிற் கொள்க.

இருக்கை கிடைத்தது. ஆனால், இருக்கை என்பது வண்டி வந்து நின்ற பின்னர் எழும் வினா. வண்டியே வாராத தெருவில் இருப்பவர்க்கு முன்னிருக்கை என்ன, பின்னிருக்கை என்ன? வண்டி வரும் சாலை தம் வீட்டின் மேலேயே போடப்படுமாயின், அவ்வீட்டார் அதில் எதற்காக ஏறுவார்?

இவ்வினா கற்பனையன்று. மாண்ட்கமரி மக்கள் நடந்துகொண்டிருந்த அதே 1956ஆம் ஆண்டில், ஜூன் 29ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஐசனோவர் ஒரு சட்டத்தில் ஒப்பமிட்டார். நாடெங்கும் 41,000 மைல் நீளத்திற்குப் பெருவழிகள் அமைக்க வழி செய்தது அச்சட்டம். அவை நம் ஊர்ச் சாலைகள் போல்வன அல்ல. குறுக்குச் சந்திகளோ இடைநிறுத்தமோ இன்றி, பல வரிசைகளாக வண்டிகள் விரையும் அகன்ற வழிகள் அவை. இடையே மனிதர் கடந்து செல்லுதல் இயலாது. செலவில் பத்தில் ஒன்பது பங்கை நடுவண் அரசு தந்தது. பத்தில் ஒரு பங்கு கொடுத்துப் பத்துப் பங்குச் சாலையைப் பெறுவதாயின் எம்மாநிலம் வேண்டா என்னும்? பெருவழிகள் நாட்டுப்புறத்தைக் கடந்து நகரங்களின் நடுவே நுழைந்தன. நகரின் நடுவே நிலம் வெற்றாக இராது. எவர் வீட்டை இடிப்பது என்னும் கேள்வி எழுந்தது.

வடக்கே, மிசிசிப்பி ஆற்றின் கரையில், மின்னசோட்டா மாநிலத்தின் தலைநகராகிய செயின்ட் பால் இருக்கிறது. அதனை அடுத்து மினியாபொலிஸ் நகரம் உண்டு. இவ்விரண்டையும் இரட்டை நகரங்கள் என்பர். செயின்ட் பால் நகரில் ராண்டோ என்னும் பகுதி கறுப்பின மக்களின் உறைவிடமாக விளங்கியது. ரயில் வண்டிகளில் பயணிகட்குப் பணிபுரிந்தோர் பலர் அங்கே வாழ்ந்தனர். கடைகளும் கோயில்களும் மன்றங்களும் செய்தித்தாளும் அம்மக்கட்கு இருந்தன. வேறு பகுதிகளில் அவர்கட்கு வீடு விற்பாரும் வாடகைக்கு விடுவாரும் அரியர். வீட்டுப் பத்திரங்களிலேயே கறுப்பினத்தார்க்கு விற்றலாகாது என்று எழுதி வைத்த காலம் அது. ஆதலின், ராண்டோ அம்மக்கள் விரும்பிச் சேர்ந்த இடமாகவும், வேறு போக்கின்றிச் சேர்ந்த இடமாகவும் ஒருங்கே இருந்தது.

இரட்டை நகரங்களை இணைக்கும் பெருவழி இவ்விடத்தின் நடுவே செல்லுமாறு கோடு வரையப்பட்டது. வேறு வழி இல்லையோ எனின், இருந்தது. நகரத் திட்டப் பொறியாளராக நெடுங்காலம் பணியாற்றிய ஜார்ஜ் ஹெரால்ட் என்பார், ஏறத்தாழ ஒரு மைல் வடக்கே இருப்புப்பாதை செல்லும் நிலத்தை ஒட்டிப் பெருவழியை அமைக்கலாம் என்று எடுத்துரைத்தார். அங்கே இடிக்க வேண்டிய வீடுகள் குறைவு. நகரின் நெஞ்சைப் பிளந்து செல்லும் சாலை நகர்க்கு நன்மை செய்யாது என்பதும் அவர் கருத்து. அவர் கருத்து ஏற்கப்படவில்லை. நேர்க்கோடாகச் செல்வதும் நகரின் நடுப்பகுதியைத் தொடுவதும் ராண்டோ வழியே என்று முடிவு செய்தனர்.

ராண்டோ மக்கள் கூடினர். வழியை மாற்றவேண்டும் என்று கேட்பதில் பயன் காணாத நிலையில், அவர்கள் மூன்று கேட்டனர் என்பர். வெளியேறுவோர்க்கு வேறிடம் அமைய உதவி வேண்டும். வீடு விற்பதில் இனவேற்றுமை பாராட்டாத சட்டம் வேண்டும். பெருவழி மதில்போல் உயர்ந்து நிற்காமல் நிலமட்டத்திற்குக் கீழே தாழ்ந்து செல்லுதல் வேண்டும். இம்மூன்றனுள் மூன்றாவது ஒன்றே கைகூடிற்று. வெளியேற்றப்படுவோர்க்கு இழப்பீடும் இட உதவியும் முறையாக வழங்கும் நடுவண் சட்டம் 1970இல்தான் வந்தது. வீட்டு விற்பனையில் இனவேற்றுமையைத் தடுக்கும் சட்டம் 1968இல் வந்தது. இரண்டும் ராண்டோவுக்குக் காலங்கடந்தவை.

600க்கு மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. செல்ல மறுத்த முதிய சமயப் போதகர் ஒருவரைக் காவலர் வந்து வெளியேற்றி, அவர் வீட்டை இடித்தனர். கடைகள் மூடின. இரட்டை நகரங்களுக்கிடையே பெருவழி 1968 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதில் விரைந்து சென்ற கார்களில் இருந்தோர்க்குக் கீழே ஓர் ஊர் இருந்தது தெரிந்திருக்க நியாயம் இல்லை. சாலையின் இரு கரையிலும் எஞ்சியோர்க்கு, எதிர்க்கரையிலிருந்த கடையும் உறவினர் வீடும் மேம்பாலம் தேடிச் சென்றடையும் இடங்களாயின.

இது செயின்ட் பாலில் மட்டும் நிகழ்ந்ததன்று. மயாமியில் ஓவர்டவுன், டெட்ராயிட்டில் பிளாக் பாட்டம், நியூ ஆர்லியன்சில் கிளெய்போர்ன் அவென்யூ எனக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பல நகரங்களில் இவ்வாறே பெருவழிக்கு இரையாயின.

இனிச் சட்டத்தைக் காண்போம். 1962இல் இயற்றிய பெருவழிச் சட்டம், 50,000 பேர்க்கு மேல் வாழும் நகர்ப்புறம் ஒவ்வொன்றிலும் தொடர்ந்த திட்டமிடுதல் வேண்டும் என்றும், ஊராட்சிகள் கூடிக் கலந்து அதனைச் செய்தல் வேண்டும் என்றும் விதித்தது. சாலை ஓர் ஊருக்குள் அடங்குவதன்று. ஆதலால் அதனைத் திட்டமிடுவதும் ஓர் ஊரின் பொறுப்பாக இருத்தல் இயலாது. இவ்வகையில் மண்டலத் திட்டக் குழுக்கள் தோன்றின. இரட்டை நகரங்களுக்கு மெட்ரோபாலிட்டன் கவுன்சில் என்னும் மண்டல மன்றம் 1967இல் அமைந்தது. இத்தகைய குழுக்கள் பலவற்றில், மக்கள் மிகுந்த பெருநகருக்கும் ஒரு வாக்கு, சிற்றூர்க்கும் ஒரு வாக்கு என்னும் முறை உண்டு. நெரிசல் மிகுந்த நகரத்துப் பேருந்து பற்றி, அப்பேருந்தில் ஏறி அறியாதவர் பலர் கூடி முடிவு செய்ய நேர்வது இதனால்தான்.

1964 ஜூலை 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் ஒப்பமிட்ட குடியுரிமைச் சட்டம் புகழ் பெற்றது. அதன் ஆறாம் தலைப்புக் கூறுவது இது: நடுவண் அரசின் பணத்தைப் பெற்று நடக்கும் எப்பணியிலும், இனம், நிறம், பிறந்த நாட்டுவழி இவை காரணமாக ஒருவரை ஒதுக்கலும், பயன் பெறாமல் தடுத்தலும், வேற்றுமை காட்டலும் ஆகா. சாலையும் ரயிலும் பேருந்தும் நடுவண் அரசின் பணத்தால் இயல்வன. எனவே, அவற்றைத் திட்டமிடுவோர் அனைவரும் இச்சட்டத்திற்குக் கட்டுப்பட்டவர் ஆயினர்.

இங்கே ஓர் அரிய வினா எழுகின்றது. மாண்ட்கமரி ஓட்டுநர், எழுந்திரு என்று வாயாற் சொன்னார். அவர் கருத்து வெளிப்படை. ராண்டோவின் மேல் கோடு வரைந்த பொறியாளரோ எவரையும் வைதாரல்லர். நிலம் மலிவு, வழி நேர், நகர்நடு அண்மை என்னும் கணக்குகளைக் காட்டுவார். அவர் நெஞ்சில் வேற்றுமை இருந்ததோ இல்லையோ, எவர் அறிவார்? சட்டம் நெஞ்சை ஆராய்தல் வேண்டுமா, நேர்ந்ததை ஆராய்தல் வேண்டுமா?

திருவாரூர்த் தேர்க்காலில் சிக்கிய கன்றின் கதையை நீவிர் அறிவீர். தேரூர்ந்த இளவரசன் கன்றைக் கொல்லக் கருதியவன் அல்லன். ஆயினும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தபோது, மகன் கருத்து யாது என்று மன்னன் தொடங்கவில்லை. நேர்ந்தது யாது என்றே தொடங்கினான். அமெரிக்க நாட்டிலும் ஆறாம் தலைப்பின்கீழ் அரசுத் துறைகள் வகுத்த விதிகள் இந்நோக்கில் அமைந்தன. கருத்தில் வேற்றுமை இல்லையாயினும், விளைவில் ஓரினத்தார்மேல் சுமை மிகுமாயின் அதுவும் ஆராயத்தக்கது என்றன அவ்விதிகள். ஆனால் 2001இல் உச்ச நீதிமன்றம், விளைவை மட்டும் காட்டித் தனிமனிதர் இவ்விதிகளின்கீழ் வழக்கிடுதல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பாதிக்கப்பட்டோர் பணம் வழங்கும் அரசுத் துறையிடமே முறையிட வேண்டியவராயினர். மணி அங்கேயே தொங்கிற்று. அதன் கயிறு மட்டும் எட்டாத உயரத்திற்கு ஏற்றப்பட்டது. ஏழை மக்கள் மீதும் சிறுபான்மை இனத்தார் மீதும் சுற்றுச்சூழற் கேடுகள் மிகுதியாக விழாமற் காக்குமாறு 1994இல் குடியரசுத் தலைவர் கிளின்டன் பிறப்பித்த ஆணையும் 2025இல் நீக்கப்பட்டது. உரிமை ஒருமுறை எழுதப்பட்டால் என்றும் நிற்கும் என்று எண்ணுவார்க்கு இவ்வரலாறு வியப்புத் தரும்.

மீண்டும் செயின்ட் பாலுக்குச் செல்வோம். ராண்டோவைப் பிளந்த பெருவழிக்கு வடக்கே சற்றுத் தொலைவில் யூனிவர்சிட்டி அவென்யூ என்னும் பெருந்தெரு உண்டு. இரு நகரங்களின் நடுப்பகுதிகளையும் அது இணைக்கிறது. நம் சென்னையில் 1953 வரை டிராம் வண்டி ஓடியது போல, இரட்டை நகரங்களிலும் 1954 வரை டிராம் ஓடியது. பின்னர்ப் பேருந்துகள் வந்தன. கறுப்பின மக்களோடு, போர்க்காலத்திற்குப் பின் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங், வியட்நாமிய, லாவோ மக்களும் அத்தெருவைச் சூழ்ந்து குடியேறினர். உணவுக்கடையும் மளிகைக்கடையும் வைத்துப் பாழ்பட்டிருந்த தெருவைத் தழைக்கச் செய்தனர். கார் இல்லாத குடும்பங்கள் அங்கே மிகுதி. 16ஆம் எண் பேருந்தே அவர்கட்கு வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் வழியாக இருந்தது.

அத்தெருவில் மின்சார ரயில் ஒன்று ஓடச் செய்ய மண்டல மன்றம் முடிவு செய்தது. பழைய டிராமின் வளர்ந்த வடிவம் என்று அதனைக் கொள்ளலாம். நீளம் 11 மைல். மொத்தச் செலவு 95.7 கோடி டாலர். அதில் பாதி நடுவண் அரசின் பணம். நல்ல திட்டந்தான். ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்த மக்கள் திகைத்தனர். பிற இடங்களில் அரை மைலுக்கு ஒரு நிறுத்தம் அமைந்திருக்க, அவர்கள் வாழும் பகுதியில் மட்டும் ஒரு மைலுக்கு ஒரு நிறுத்தமே குறிக்கப்பட்டிருந்தது. ஹாம்லின், விக்டோரியா, வெஸ்டர்ன் என்னும் மூன்று தெருச்சந்திகளில் ரயில் நில்லாது. அதனோடு, ரயில் வந்தபின் 16ஆம் எண் பேருந்தின் ஓட்டத்தைக் குறைப்பதும் திட்டத்தில் இருந்தது.

ஏன் இவ்வாறாயிற்று? எவரும் அம்மக்களை வெறுத்து அம்மூன்று புள்ளிகளை அழித்தாரல்லர். காரணம் ஒரு கணக்கு. செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் பயணிகளின் காலம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று நடுவண் அரசு ஓர் அளவுகோல் வைத்திருந்தது. மிஞ்சும் மணி ஒன்றுக்கு ஆகும் செலவு ஒரு வரம்பைக் கடக்குமாயின் திட்டத்திற்குப் பணம் இல்லை. நிறுத்தம் கூடினால் செலவும் கூடும். ரயிலின் விரைவும் குறையும். ஆகவே, வரம்புக்குள் அடங்குவதற்காக நிறுத்தங்களை நீக்கினர்.

இக்கணக்கின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். எண்கள் விளக்கத்திற்காக நாம் கொள்வனவே. ஒரு ரயிலில் 200 பேர் செல்கின்றனர் என்க. ஒரு நிறுத்தத்தில் நிற்பதால் ஒவ்வொருவர்க்கும் ஒரு நிமிடம் போகும். மொத்தம் 200 நிமிடம். அந்நிறுத்தத்தில் 15 பேர் ஏறுகின்றனர். அது இல்லையாயின் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் மிகுதியாக நடக்கவேண்டும். மொத்தம் 150 நிமிடம். 150 சிறிது, 200 பெரிது. ஆகவே நிறுத்தம் வேண்டா என்று கணக்கு முடிந்துவிடும். கூட்டலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்த 200 பேர்க்கும் போவது ஆளுக்கு ஒரு நிமிடம். அதனை அவர் உணரவும் மாட்டார். 15 பேர்க்கோ போவது ரயிலே. மின்னசோட்டாவின் குளிர்காலத்தில் வெப்பநிலை நீர் உறையும் அளவுக்கும் இருபது பாகை கீழே இறங்கும். பனி மூடிய தெருவில், கையில் பையோடு, முதியவள் ஒருத்தி நடக்கும் பத்து நிமிடத்தையும், சூடேற்றிய வண்டிக்குள் அமர்ந்திருப்பவர் இழக்கும் பத்து நிமிடத்தையும் ஒரே தட்டில் இட்டு நிறுத்தல் தகுமோ? கார் உடையவர்க்கு ரயில் ஒரு வசதி. கார் இல்லாதார்க்கு அது வாழ்வின் வழி. இவ்வேறுபாட்டை அந்த அளவுகோல் அளக்கவில்லை. அது அளந்தது காலம் ஒன்றையே.

அன்றியும், தெருவின் நடுவே தண்டவாளம் இடுவதால் கடைகளின் முன்னர் வண்டி நிறுத்தும் இடங்களுள் பெரும்பகுதி போகும். தெருவைத் தோண்டும் காலத்தில் வாணிகமும் குன்றும். சுமை முழுவதும் அப்பகுதியார்க்கு. பயனோ அவர்களைக் கடந்து விரையும். சற்றுத் தெற்கே, ஒரு தலைமுறைக்கு முன் நிகழ்ந்ததை முதியோர் மறந்திலர். மீண்டும் ராண்டோவா என்று கேட்டனர்.

இம்முறை அவர்கள் கையில் வேறு கருவிகள் இருந்தன. திட்டம் பற்றிய மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் சட்டப்படி நடந்தாக வேண்டும். கோயில்களும் குடியிருப்போர் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் ஒன்றுசேர்ந்து, எமக்கும் நிறுத்தங்கள் வேண்டும் என்னும் கோரிக்கையையே பெயராகக் கொண்டு ஒரு கூட்டமைப்பை நிறுவின. அவர்கள் ரயில் வேண்டா என்று கூறவில்லை என்பதை ஊன்றி நோக்குக. வரும் ரயில் எம்மிடத்தும் நிற்கட்டும் என்றே கேட்டனர். மண்டல மன்றம் ஓரளவு இறங்கி வந்தது. மூன்று இடங்களிலும் நிலத்தடி வேலைகளை மட்டும் இப்போது செய்து வைப்பதாகவும், பணம் மிஞ்சினால் ஒரு நிறுத்தம் கட்டுவதாகவும் கூறிற்று. மக்கள் அதனோடு அமைந்திலர். தடை இருப்பது செயின்ட் பாலில் அன்று, தலைநகர் வாஷிங்டனில் உள்ள கணக்குப் புத்தகத்தில் என்பதை உணர்ந்து அங்கே முறையிட்டனர். பிற நகரத்தாரும் அக்கணக்கைக் குறை கூறிவந்தனர்.

2010 ஜனவரியில் நடுவண் போக்குவரத்துத் துறை அந்த விதியைத் தளர்த்தியது. செலவும் காலமும் மட்டுமன்றி, சுற்றுச்சூழலும் மக்கள் வாழ்வும் பெறும் பயனையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும் என்று அறிவித்தது. அத்திங்களிலேயே மூன்று நிறுத்தங்களும் திட்டத்தில் சேர்க்கப்பட்டன.

அதே ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லாந்தில் வேறு வகையான முடிவு ஒன்று நேர்ந்தது. ரயில் நிலையத்தையும் வானூர்தி நிலையத்தையும் இணைக்கும் ஒரு தடத்தைக் கட்ட அங்குள்ள ரயில் நிறுவனம் முனைந்தது. அதனால் ஏழை மக்கள் பெறும் பயனும் சுமையும் எவ்வளவு என்று சட்டப்படி ஆராயாமலே முனைந்தமையால், நடுவண் அரசு தருவதாக இருந்த 7 கோடி டாலரை நிறுத்திவிட்டது. அந்நிறுவனம் வேறு பணம் திரட்டி 2014இல் தடத்தைத் திறந்தது என்பது வேறு செய்தி. ஆராயாமல் கட்டுதல் இழப்பைத் தரும் என்பதைப் பிற நகரத்துத் திட்டக் குழுவினர் அன்று அறிந்துகொண்டனர்.

செயின்ட் பாலிலும் எல்லாம் இனிதே முடிந்ததாகக் கருதற்க. கட்டுமான காலத்தில் கடைகட்கு நேரும் இழப்பை முறையாக ஆராயவில்லை என்று குடியுரிமைச் சங்கமும் வணிகர் சிலரும் வழக்கிட்டனர். அவ்வாராய்ச்சி குறையுடையதே என்று 2011இல் நடுவண் நீதிபதி தீர்ப்புரைத்தார். ஆயினும் பணியை நிறுத்த அவர் ஆணையிடவில்லை. சிறு வணிகர்க்குக் கடனுதவிகள் வகுக்கப்பட்டன. சில கடைகள் தாங்கின, சில மூடின.

2014 ஜூன் 14ஆம் நாள் ரயில் ஓடத் தொடங்கியது. ஹாம்லினில் நின்றது, விக்டோரியாவில் நின்றது, வெஸ்டர்னிலும் நின்றது. அடுத்த ஆண்டு, 2015 ஜூலையில், செயின்ட் பால் நகரத் தலைவரும் மாநிலப் போக்குவரத்துத் துறை ஆணையரும் ராண்டோ மக்கள் முன் நின்று, 1950களிலும் 1960களிலும் அப்பகுதிக்கு இழைத்த தீங்கிற்காக மன்னிப்புக் கோரினர். அக்கூட்டத்தில் இருந்தோருள் வீடிழந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர். அவர்களும் அப்போது நரை மூத்தவர்களாய் இருந்தனர். 2018இல் பெருவழியின் ஓரத்தில் ஒரு சிறு நினைவுத் திடல் அமைந்தது. பெருவழியின் மேல் நிலம் பரப்பி, பிரிந்த இரு கரைகளையும் மீண்டும் ஒன்றாக்குதல் வேண்டும் என்று ராண்டோ வழியினர் கேட்டு வருகின்றனர். நிலமட்டத்திற்குக் கீழே சாலையைத் தாழ்த்துமாறு அவர்தம் பெற்றோர் அன்று கேட்டுப் பெற்றமையால்தான், அதன்மேல் நிலம் பரப்புதல் இன்று இயலுவதாய் இருக்கிறது.